அனல் போகும் பக்கம்

மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்க்கிற நேரம் பார்த்துத்தான் அது விழும். முன்னறைச் சுவரில் இருக்கிற மின்சாரப் பெட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். உடனே படுக்கையறை ஏசியின் இரைச்சல் அடங்கிவிடும். தையல்காரி மிஷினை விட்டு எழுந்து ஓடுவாள். கழுத்தில் இஞ்சு டேப் ஆட, உதட்டில் கவ்விய குண்டூசியோடு பெட்டியைத் திறந்து, கீழே விழுந்து கிடக்கிற பிரேக்கரை விரலால் மேலே தள்ளுவாள். ஏசி மறுபடி முனக ஆரம்பிக்கும். அப்பாடா என்று வந்து உட்கார்ந்து ஒரு காலர் தைத்து முடிப்பதற்குள் மறுபடி 'டப்'.

நான் அந்த முன்னறையில் உட்கார்ந்து பட்டன் தைக்கிறவள். அவள் பள்ளிக்கூடச் சீருடைகளை வெட்டித் தைத்துப் போடப் போட, பட்டனும், அது நுழைகிற காஜாத் துளையும் என் வேலை. ஆகவே யாரோ சொல்லக் கேட்டு இதைச் சொல்லவில்லை. எல்லாம் என் கண்ணெதிரே நடந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்தான். இருக்க முடியவில்லை, சொல்கிறேன்.

தையல்காரியின் புருஷன் தூர ஊர்ப் பஸ் ஓட்டுகிறவர். பொழுது சாயக் கிளம்பினால் விடிந்துதான் வீடு வருவார். வந்ததும் குளிப்பார், இரண்டு வாய் சாப்பிடுவார், படுப்பார். ஊரெல்லாம் விழித்து வேலை பார்க்கும் பகல்தான் அவருக்கு ராத்திரி. கோடை வந்துவிட்டால் அந்த அறையில் பகலில் மனுஷன் படுக்க முடியாது. மேற்கூரை கொதிக்கும், தலையணை நனையும். மின்விசிறி சுடுகாற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். அதனால்தான் இந்தக் கோடை ஆரம்பத்தில் ஏசி வாங்கினார்கள். வாங்கிய புதிதில் மனுஷன் குழந்தை மாதிரித் தூங்கினார். தையல்காரி கதவைச் சத்தமில்லாமல் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்து, என்னிடம் பல் தெரியச் சிரிப்பாள். அவர் தூக்கத்துக்கு அந்த வீட்டில் அவ்வளவு மரியாதை. ரேடியோ கிடையாது, உரக்கப் பேச்சு கிடையாது. அவருடைய கைபேசிகூட அவர் படுத்ததும் முன்னறைக்கு வந்து துணிக்குவியல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். அவசரம் என்றால் அவளே எடுத்துப் பேசுவாள். சாயங்காலம் எழுப்புவதும் அவளேதான். மணி அடித்து எழுந்தால் தலை வலிக்கிறது, நீ வந்து தோளைத் தொட்டால்தான் ஒழுங்கா விழிப்பு வருது என்பார். நான் ஊசிக்குத் தலை குனிந்துகொள்வேன். வேறு என்ன செய்வது.

பிறகுதான் இந்த 'டப்' ஆரம்பித்தது.

முதலில் எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் வந்தான். அவனுக்குப் பேரே ஃபியூஸ்தான். மிக்ஸி ஓடாவிட்டாலும் ஃபியூஸ், தண்ணீர் மோட்டார் இழுக்காவிட்டாலும் ஃபியூஸ், பொண்டாட்டி பேசாவிட்டாலும் ஃபியூஸ் என்பான். பிரேக்கர் பழசு, வீக்கா இருக்கு என்று சொல்லிப் புதிதாக ஒன்று மாட்டினான். மறுநாள் மதியம் அதுவும் விழுந்தது. அப்படியானால் இதைவிடப் பெரிசா ஒன்று மாட்டிவிடலாம், எவ்வளவு இழுத்தாலும் விழாது என்றான். ஏதோ நல்ல நேரம், அது அன்று அவனிடம் இல்லை. வாங்கி வருகிறேன் என்று போனவன் வரவில்லை.

இதற்கு நடுவில் டிரைவர் பஸ்ஸை இடித்துவிட்டு வந்தார்.

அன்று காலை அவர் குளிக்கப் போகவில்லை. சீருடையோடு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். ஆற்றுப்பாலத்தில் கண் சொக்கிவிட்டதாம். பக்கச் சுவரை உரசி, கண்ணாடி சிதறி, உள்ளே இருந்தவர்கள் அலறிய பிறகுதான் விழித்தாராம். நல்லவேளை, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டெப்போவில் மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: இன்னொரு புகார் வந்தால், தூக்கமோ தாமதமோ எதுவானாலும் சரி, ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான். அப்புறம் ஷெட்டில் நின்று வண்டி கழுவு.

"நான் சக்கரம் பிடிச்ச கை. என்னை வாளி தூக்கச் சொல்றாங்க" என்றார்.  தையல்காரி அவர் கையிலிருந்த டீயை வாங்கி வைத்துவிட்டு, "நான் இருக்கேன்ல. தூங்க வைக்கிறது என் பாடு" என்றாள்.

அன்றைக்கே ஏசி மாட்டிய மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். அவரை நாங்கள் தும்மல்காரர் என்போம். தூசியில் வேலை செய்து செய்து, பேச ஆரம்பித்தால் தும்மல்தான் முதலில் வரும். வந்தார், தும்மினார், ஃபில்டரைக் கழற்றிக் கழுவினார், கேஸ் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு குறையும் இல்லை என்றார். பெரிய பிரேக்கர் யோசனையைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பிரேக்கர் விழுவது உங்களைக் காப்பாத்தத்தான், அதை விழ விடாமல் பண்ணினால் சுவருக்குள்ளே ஒயர் எரியும், அவனை இந்தப் பக்கம் சேர்க்காதீங்க என்றார். பிறகு, எத்தனை மணிக்கு விழுகிறது என்று கேட்டார். மதியம் என்றதும், அப்போ மதியமே வந்து பார்க்கிறேன் என்று போய்விட்டார்.

சொன்னபடி மறுநாள் வெயில் உச்சிக்கு வந்த நேரம் வந்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் அளக்கிற மீட்டர் ஒன்றை ஒயரில் கவ்வ வைத்துப் பார்த்தார். எண் ஏறிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பின்பக்கச் சந்துக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். முகம் சிவந்து, சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"யம்மா, அங்க நின்னா நானே டிரிப் ஆகிடுவேன்" என்றார். "அவுட்டோர் யூனிட்டுக்கு எதிர்ல எவ்வளவு பெரிய தகரம்! மேல வேற தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருக்கு. அனல் வெளிய போக வழியே இல்ல. தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கிட்டு அந்த மிஷின் திணறுது. திணறத் திணறக் கரண்டை அதிகமா இழுக்கும். பிரேக்கர் விழாம என்ன செய்யும்?"

தையல்காரி கழுத்திலிருந்த டேப்பைச் சுருட்டத் தொடங்கினாள்.

"நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? மாடிக்கு ஏத்திடலாம், காத்தோட்டமா இருக்கும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நீங்கதான் சந்துலதான் வேணும், அந்த சன்னலைப் பார்த்துதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்க."

சொன்னாள்தான். நானும் கேட்டேன். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம், ஆங், நேரா, என்று சுவரில் படம் மாட்டுகிறவள் மாதிரிக் கை காட்டி வைக்கச் சொன்னாள். ஏன் என்று அந்த மனுஷருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அந்தச் சன்னல் அவளுடைய ஓரகத்தியின் அடுப்படிச் சன்னல். ஓரகத்தி என்றால் டிரைவருடைய அண்ணன் மனைவி, அந்த வீட்டு மூத்தவள். இப்போது இரண்டு வீடாக நிற்பது ஒரு காலத்தில் ஒரே வீடு. அண்ணனும் தம்பியும் ஒன்றாக இருந்தார்கள், ஒரே அடுப்பு, ஒரே போன். அந்தப் போன் மூத்தவளின் கூடத்தில் இருந்தது. ஒருநாள் அண்ணனுடைய மேலதிகாரி குடும்பத்தோடு விருந்துக்கு வந்திருந்தார். அண்ணனுக்குப் பதவி உயர்வு தருவதா வேண்டாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். தையல்காரி காலையிலிருந்து அடுப்பில் நின்றாள். வறுத்தாள், பொரித்தாள், வேர்வையை முழங்கையால் துடைத்தாள். விருந்தாளிகள் சாப்பிட்டு, சிரித்துப் பேசி, கைகுலுக்கி, கார் ஏறிப் போன பிறகு மூத்தவள் அடுப்படிக்கு வந்து, உங்க வீட்டிலிருந்து காலையிலேயே போன் வந்தது, உங்க அம்மா தவறிட்டாங்க என்றாள்.

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, மண் போட்டு மூடிவிட்டு ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். பெற்றவள் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க இவளுக்கு வாய்க்கவில்லை. அம்மா பிணமாகக் கிடந்த நேரத்தில் இவள் ஊரான் வயிற்றுக்குப் பொரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றோடு ஓரகத்தியிடம் பேச்சை நிறுத்தினாள். சாப்பாடு பிரிந்தது, வீடு பிரிந்தது, நடுவில் சுவர் வந்தது. பின்பக்கம் மட்டும் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு ஒரு சந்து மிஞ்சியது. மூத்தவளின் அடுப்படிச் சன்னல் அந்தச் சந்தைப் பார்த்துத் திறக்கும். ஏசி வாங்கப் போகிறோம் என்றதும் தையல்காரிக்கு முதலில் ஞாபகம் வந்தது புருஷன் தூக்கமா, அந்தச் சன்னலா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. "அந்த அடுப்புல என்னை வேக வெச்சால்ல. வேகட்டும் அவளும்" என்று என்னிடம் வெளிப்படையாகவே சொன்னாள். கொஞ்ச நாளில் மூத்தவள் சூடு தாங்காமல் சன்னலுக்கு வெளியே தகரம் அடித்தபோது இவளுக்குத் தலைகால் புரியவில்லை. தகரம் அடிச்சுட்டா பார்த்தியா என்று கேட்டுவிட்டு, அன்று எனக்கு டீயோடு பிஸ்கட்டும் வைத்தாள். தார்ப்பாய் கட்டியபோதும் சிரித்தாள். அதற்கு அப்புறம்தான் பிரேக்கர் விழ ஆரம்பித்தது என்பது இவளுக்கு உறைக்கவில்லை. எனக்குமா உறைக்காது என்று கேட்காதீர்கள், உறைக்கவில்லை.

தும்மல்காரர் இரண்டே வழி சொன்னார். தகரத்தை எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் யூனிட்டை மாடிக்கு ஏற்றிவிடுகிறேன். தையல்காரி கத்தரிக்கோலைத் தூக்கி மேஜைமேல் போட்டாள். மாடிக்கு ஏற்றினால் மூத்தவளுக்குச் சன்னல் திறந்துவிடும், காற்று வரும். அது இவளுக்கு ஆகாது. தகரம்தான் போக வேண்டும்.

"நீயும் வா" என்றாள் என்னிடம். "நான் கையை ஓங்கினா பிடிச்சுக்கோ. அவ ஓங்கினா விட்டுடு, பார்த்துக்கறேன்."

வாசலைச் சுற்றி அடுத்த வீட்டுக்குப் போனோம். இடையில் ஒரு சுவர்தான் என்றாலும் சுவர் எழுந்த பிறகு அவள் அந்தப் படி ஏறியதில்லை. கதவு திறந்திருந்தது. மூத்தவள் அடுப்படியில் இருந்தாள்.

அந்த அடுப்படியைப் பார்த்து நான் ஒரு நிமிஷம் நின்றுவிட்டேன். நல்ல பகலில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. சன்னலை அடைத்த தகரம் அந்தப் பக்கத்துச் சூட்டில் டிக் டிக்கென்று நெளிந்தது. மூத்தவள் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளறிக்கொண்டிருந்தாள். கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு பாளம் பாளமாக வெடித்து, அதன்மேல் பவுடர் அப்பியிருந்தது. தையல்காரி அதைத்தான் பார்த்தாள். சண்டைக்கு வந்தவள் முகத்தில் ஒரு நிறைவு வந்ததை நான் கவனித்தேன். பழி பலித்துவிட்டது, இல்லையா.

"என்ன, வழி தெரிஞ்சு வந்துட்டியே" என்றாள் மூத்தவள், அடுப்பிலிருந்து திரும்பாமல்.

"தகரத்தை எடுங்க."

"நீ மிஷினைத் திருப்பு. எடுக்கறேன்."

"அவருக்குப் பகல் தூக்கம் போச்சு. பாலத்துல வண்டியை உரசிட்டு வந்து நிக்கறாரு. இன்னொரு தடவை ஆச்சுன்னா வேலை இல்லைன்னுட்டாங்க. உங்க கொழுந்தன்தானே, அந்த ஈரம்கூடவா இல்ல?"

"கொழுந்தன் தூங்கலைன்னு என்கிட்ட வந்து சொல்ற பாரு" என்று மூத்தவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "அவன் தூக்கத்துக்கு நான் பட்டது போதாதா?"

"நீங்க என்ன பட்டீங்க? பட்டது நான். எங்க அம்மா பொணமாக் கிடக்கறப்போ இதே அடுப்புல என்னை நிக்க வெச்சு வறுக்கச் சொன்னது யாரு? அப்ப எனக்கும் இப்படித்தான் வேர்த்துச்சு. துடைக்க யாரு இருந்தா?"

மூத்தவள் அடுப்பை அணைத்தாள். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், இவள் எதற்கு என்பதுபோல. நான் நகரவில்லை.

"நான் உன்கிட்ட சொல்லலை. அது நெஜம். யார்கிட்ட சொன்னேன்னு இத்தனை வருஷத்துல நீ கேட்டதுண்டா?"

"யார்கிட்ட?"

"போன் வந்ததும் நேரா உங்க ரூமுக்குத்தான் போனேன். அவன் விடிய வண்டி ஓட்டிட்டு வந்து படுத்திருந்தான். தட்டி எழுப்பி, விஷயம் இதுன்னு சொன்னேன். எழுந்து உக்காந்தான். மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டான். 'நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணி, அவ தாங்க மாட்டா, நானே பக்குவமா சொல்றேன்'னான். சரின்னு வந்துட்டேன். வருவான் வருவான்னு பார்த்தேன். பரிமாற ஆரம்பிச்சும் வரலை. போய் எட்டிப் பார்த்தா, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிட்டிருக்கான்."

தையல்காரியின் கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது.

"எழுப்ப வேண்டியதுதானே?"

"எழுப்பலை. அங்கதான் நான் பண்ணினது தப்பு. வந்தவங்க முன்னாடி அழுகைச் சத்தம் வேண்டாம்னு எனக்கும் இருந்துச்சு. அவன் தூங்கினது எனக்கும் சௌகரியமாப் போச்சு. அதை மறைச்சு எனக்கு இனிமே ஒண்ணும் ஆகப் போறதில்ல."

"பொய் சொல்றீங்க."

"அப்படியே வெச்சுக்கோ. என் வீட்டுக்காரர்தான் என் வாயைக் கட்டிப் போட்டாரு. அன்னைக்கு ராத்திரி தம்பிக்காரன் அவர் காலைப் பிடிச்சு அழுதானாம். அவளுக்குத் தெரிஞ்சா என்னோட வாழ மாட்டா அண்ணா, தெரியாமப் பார்த்துக்கோங்கன்னு. அவரும் என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. நீ என்னை வாய்க்கு வந்தபடி பேசின, கேட்டுக்கிட்டேன். சுவர் எழுப்பணும்னு நின்ன, எழுப்பினீங்க. கொத்தனாருக்குச் செங்கல் எடுத்து எடுத்துக் கொடுத்தது யாருன்னு மட்டும் யோசிச்சுப் பாரு. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, நான்தான் தூங்கிட்டேன்னு அவன் சொன்னானா? இப்ப அவன் தூக்கத்துக்காக என் சன்னலைத் திறக்கணுமாம். திறக்க மாட்டேன். நான் வெந்தே சாகறேன், போ."

தையல்காரி திரும்பி நடந்தாள். கையை ஓங்குவாள் என்று பக்கத்திலேயே நின்ற எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

வீட்டுப் படியில் ஏறும்போது அவள் நின்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்குத்தானே சொன்னாளா தெரியவில்லை.

"சட்டை போட்டுக்கிட்டு நின்னாருடி. அன்னைக்கு அவ வந்து சொன்னப்போ, இவரு சட்டை பட்டன் எல்லாம் போட்டுக்கிட்டு வாசல்ல ரெடியா நின்னாரு. என்ன ஆச்சுன்னு கேக்கலை. யாருக்குன்னு கேக்கலை. வா போலாம்னாரு. எவ்வளவு நல்ல மனுஷன், சொல்லாமலே புரிஞ்சுக்கிட்டாருன்னு நான் அவர் தோள்ல சாஞ்சு அழுதேன்."

உள்ளே போய் மிஷினில் உட்கார்ந்தாள். நூலைக் கோத்தாள், கோத்ததை உருவினாள், மறுபடி கோத்தாள். படுக்கையறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். 'டப்' என்று பிரேக்கர் விழுந்தது. நான் அவளைப் பார்த்தேன். எழவில்லை. அறைக்குள் அவர் புரண்டார், இருமினார். அப்புறம்தான் எழுந்து போய்ப் பிரேக்கரை மேலே தள்ளினாள். ஓடவில்லை, நடந்து போய்த் தள்ளினாள்.

மறுநாள் தும்மல்காரரை வரச் சொல்லி, யூனிட்டை மாடிக்கு ஏற்றிவிடுங்கள் என்று சொன்னாள். அவர் யூனிட்டைக் கழற்றி, குழாயை நீட்டி, மாடியில் நிழலாக ஓர் இடம் பார்த்து மாட்டினார். சந்துச் சுவரில் இரும்பு ஸ்டாண்ட் மட்டும் நின்றது. அது கிடக்கட்டும், பூந்தொட்டி வைத்துக்கொள்ளலாம் என்றார். "கழட்டிடுங்க. அந்தப் பக்கம் எதுவும் வேண்டாம்" என்றாள் தையல்காரி. அன்று சாயங்காலமே பின்பக்கம் தகரத்தைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது. தார்ப்பாயும் போயிற்று. மறுநாள் அந்தச் சன்னலிலிருந்து தாளிக்கிற வாசனை எங்கள் பக்கம் வந்தது. தையல்காரி முகம் சுளிக்கவில்லை.

அடடா, இவள் மனசு இளகிவிட்டதே என்று நான் நினைத்தேன். வீட்டுக்குப் போய் என் புருஷனிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன். என் புத்தி அவ்வளவுதான்.

பிரேக்கர் அதற்குப் பிறகு விழவே இல்லை. மதியம் வந்தது, போனது, பெட்டிக்குள் ஒரு சத்தம் இல்லை. டிரைவர் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினார். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போயிற்று, முகத்தில் களை வந்தது. சாயங்காலம் அவள் தோளைத் தொட்டு எழுப்புவாள், அவர் சீட்டியடித்துக்கொண்டே ஷூ மாட்டுவார். ஒருநாள் என் எதிரிலேயே, "உன் கைக்குத் தங்க வளையல் போடணும்டி, என் உசிரைக் காப்பாத்திட்ட" என்றார். அவள் சிரித்தாள். அவர் சாப்பிட என்னென்ன பிடிக்குமோ அதையெல்லாம் செய்து போட்டாள். அவளைக் கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒருநாள் மெதுவாக, அவர்கிட்ட அதைப் பத்திப் பேசினியா என்றேன். "எதைப் பத்தி?" என்றாள். நான் பட்டனைத் தைத்தேன்.

பள்ளி திறக்கிற சமயம் நெருங்கிக்கொண்டிருந்தது. சட்டைகள் முன்னறையில் மலையாகக் குவிந்தன. அன்று காலை டிரைவர் படுக்கப் போகும்போது வழக்கம்போலக் கைபேசியை அவளிடம் நீட்டினார்.

"இன்னைக்கு லேட்டாகக் கூடாது. செக்கிங் ஆபீசர் டெப்போவுல இருப்பாரு. கொஞ்சம் முன்னாடியே எழுப்பிடு."

"நீங்க நிம்மதியாப் படுங்க. நானே எழுப்பறேன்" என்றாள்.

கைபேசியைச் சட்டைக் குவியல்மேல் வைத்தாள். ஏசியை அவளே போட்டாள், அறைச் சன்னல் திரையை இழுத்துவிட்டாள், கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள். மதியம் இரண்டு பேரும் சாப்பிட்டோம். பள்ளிக்கூடத்துக்காரர்கள் வந்து தைத்து முடிந்த சட்டைகளைக் கட்டி எடுத்துப் போனார்கள். வெயில் முன்னறையை விட்டு வாசலுக்கு நகர்ந்து, வாசலை விட்டும் போயிற்று. எழுப்புகிற நேரம் வந்தது. அவள் காலரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மறந்துவிட்டாளோ என்று, நேரமாச்சே என்றேன். தெரியும் என்றாள்.

அவர் கிளம்புகிற நேரமும் வந்தது. கைபேசி அடித்தது. திரையில் டெப்போ என்று எழுத்து மின்னியது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவில் அது அதிர்ந்து நகர்ந்து, குவியலிலிருந்து சரிந்து கீழே விழுந்தது. நான் கையை நீட்டினேன்.

"விடு" என்றாள். "தூங்கறாரு."

 ஓடிப்போய் அந்தக் கதவைத் தட்டலாமா என்று எழுந்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன். சந்துப் பக்கம் மூத்தவள் பாத்திரம் உருட்டுகிற சத்தம் வந்தது. மிஷின் ஓடியது. கைபேசி அடித்தது. அவள் தையலில் ஒரு இடத்தில்கூடக் கோணல் இல்லை, அதையும் நான் பார்த்தேன். ஒரு கட்டத்தில் கைபேசி நின்றுவிட்டது. அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. வேறு டிரைவர் வண்டியை எடுத்திருப்பான்.

தெரு விளக்கு எரிந்த பிறகுதான் படுக்கையறைக் கதவு திறந்தது. முழுத் தூக்கம் தூங்கி எழுந்த முகத்தோடு வந்தார். வாசல் இருட்டைப் பார்த்தார், எங்கள் தலைக்குமேல் எரிந்த விளக்கைப் பார்த்தார், கீழே கிடந்த கைபேசியைப் பார்த்தார். எடுத்துப் பார்த்தவர் முகம் செத்துவிட்டது.

"அய்யோ, ஏண்டி எழுப்பலை?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எழுப்பலாம்னுதான் இருந்தேன். பக்குவமா எழுப்பணும்னு நினைச்சேன். நல்லாத் தூங்கிட்டிருந்தீங்களா, சரி தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

அவர் வாயைத் திறந்தார். கத்தத்தான் திறந்தார். அந்தப் 'பக்குவமா' என்ற ஒரு வார்த்தை எங்கேயோ போய்த் தைத்திருக்க வேண்டும், திறந்த வாய் அப்படியே நின்றது. அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்பக்கச் சுவரைப் பார்த்தார்.

"அண்ணி சொல்லிட்டாங்களா?" என்றார்.

 அவள் அடுத்த சட்டையை எடுத்து மிஷினில் வைத்தாள்.

அவர் உள்ளே ஓடினார். சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பட்டன் எல்லாம் ஒன்றுக்கொன்று மாறிப் போட்டிருந்தார். ஷூவை ஒரு காலில் மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

"இப்ப ஓடினாக்கூடப் பிடிச்சுடலாம்" என்றார், அழுகிற குரலில்.

தையல்காரி மிஷினை நிறுத்தினாள்.

"இப்ப போனா அங்க பஸ் இருக்காது" என்றாள். "நான் போனப்போ எங்க அம்மா இருந்தாங்களா?"

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் என் ஊசி நூலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது, கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டார். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பிரேக்கர் ஒரு தடவைகூட விழவில்லை.